எழுத்து இப்போதே, பென்சில் கொஞ்சம் பொறுத்து: நாலு வயது விரல்களுக்கான பயிற்சி

கேள்வி இதுதான். மகனுக்கு நாலு வயது. எழுதிப் பழகினால் விரல்களுக்கு நல்ல பயிற்சியாக இருக்கும் என்று நினைத்து, புள்ளிக்கோடு போட்ட எழுத்துப் புத்தகம் ஒன்றை வாங்கித் தினமும் இரண்டு பக்கம் எழுதவைக்கிறார்கள். ஒரு பக்கம் முடிவதற்குள் “கை வலிக்குது” என்று பென்சிலைப் போட்டுவிடுகிறான். பிடிப்பதும் முஷ்டியை மடக்கிக்கொண்டுதான். அழுத்துகிற அழுத்தத்தில் தாள் கிழிகிறது. பயிற்சியைத் தொடரலாமா, கொஞ்ச நாள் விட்டுவிடலாமா?

எழுத்துகளைத் தொடருங்கள், பென்சிலை மட்டும் கொஞ்ச நாள் ஓரமாக வையுங்கள் என்பது என் பதில். ஒன்றுக்கொன்று ஒத்துவராததுபோலத் தெரியலாம். விளக்குகிறேன்.

எழுத்துப் பயிற்சி என்று நாம் ஒரே பெயரில் சொல்வதற்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. ‘இது ட, இது ப’ என்று வடிவத்தை அடையாளம் காண்பது ஒன்று. அந்த வடிவம் எங்கே தொடங்கி, எந்தப் பக்கம் திரும்பி, எங்கே முடிகிறது என்ற பாதை கைக்குப் பழகுவது இரண்டாவது. மெல்லிய குச்சி ஒன்றை மூன்று விரலில் பிடித்து, வேண்டிய அளவுக்கு மட்டும் அழுத்தி, சின்னக் கட்டத்துக்குள் அதை நகர்த்துவது மூன்றாவது. நமக்கு இந்த மூன்றும் கலந்து ஒன்றாகிவிட்டதால் பிரித்துப் பார்க்கவே தோன்றுவதில்லை. நாலு வயதில் பெரும்பாலான குழந்தைகளுக்கு முதல் இரண்டும் பிடித்த விளையாட்டு. மூன்றாவதற்குத்தான் கை தயாராகியிருக்காது. மூன்றையும் ஒரே பக்கத்தில் ஒன்றாகக் கேட்டால் முதலில் கை வலி வரும், அப்புறம் ‘எனக்கு எழுதவே பிடிக்காது’ என்ற பேச்சு வரும்.

இப்படிப் பிரித்துக் கற்பிப்பது புதிய யோசனை ஒன்றும் இல்லை. 1907-இல் ரோம் நகரில் தன் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய மரியா மாண்டிசோரியின் முறையே இதுதான். உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டிய எழுத்துகளைக் குழந்தைகள் விரலால் தடவித் தடவி அவற்றின் பாதையைக் கற்றார்கள். பென்சில் பழக்கம் வேறொரு பக்கம் தனியாக நடந்தது. உலோகத்தில் வெட்டிய வட்டம், சதுரம் போன்ற வடிவங்களைச் சுற்றிக் கோடு வரைந்து, உள்பக்கத்தை நெருக்கமான கோடுகளால் நிரப்ப வேண்டும். அந்த வேலையில் எழுத்தே கிடையாது. இரண்டும் தனித்தனியாகக் கைவந்த பிறகுதான் பென்சிலால் எழுதுவது. நூறு வருடங்களுக்கு மேலாகியும் பல வீடுகளில் முதலில் வாங்குவது என்னவோ புள்ளிக்கோட்டுப் புத்தகத்தைத்தான்.

இனி கையைப் பார்ப்போம். விரலின் நுண்ணிய அசைவு விரலில் தொடங்குவதில்லை. குழந்தையின் உடல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கட்டுப்பாட்டைப் பெறுகிறது. முதலில் முதுகும் தோளும், பிறகு முழங்கை, மணிக்கட்டு, கடைசியாக விரல்நுனி. தோள் இன்னும் உறுதிப்படாத குழந்தை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து கவனித்துப் பாருங்கள். ட போடும்போது விரல் அசையாது, தோளிலிருந்து மொத்தக் கையும் நகரும். மணிக்கட்டு உள்பக்கமாக மடங்கிக் கிடக்கும். இன்னொரு கை தாளைப் பிடிக்காமல் மேசை விளிம்பைப் பற்றியிருக்கும், உடம்பு சாயாமல் இருக்க அவனுக்கு ஒரு பிடிமானம் வேண்டுமே! கட்டைவிரல் பென்சிலைச் சுற்றி வளைத்திருக்கும், ஆள்காட்டி விரலின் நகம் நுனியில் வெளுத்திருக்கும். அந்த வெளுப்பு எவ்வளவு அழுத்துகிறான் என்பதைச் சொல்லிவிடும். பென்சில் ஆடாமல் இருக்க அவனுக்குத் தெரிந்த ஒரே வழி இறுக்கிப் பிடிப்பதுதான். இதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ நினைத்து அதட்டிப் பயனில்லை.

மணிக்கட்டு எலும்பைப் பற்றி ஒரு பயமுறுத்தல் அடிக்கடி காதில் விழும். சின்னக் குழந்தையின் கை எக்ஸ்ரேயைக் காட்டி, ‘பாருங்கள், எலும்பே இல்லை, எழுதவைக்காதீர்கள்’ என்பார்கள். பாதி உண்மைதான். பிறக்கும்போது மணிக்கட்டின் எட்டு எலும்புகளும் குருத்தெலும்பாகவே இருக்கும், அதனால் எக்ஸ்ரேயில் தெரியாது. முதல் இரண்டும் சில மாதங்களிலேயே எலும்பாகத் தொடங்கும். மற்றவை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து, கடைசி எலும்பு சுமார் 8 முதல் 12 வயதுக்குள் வரும். ஆனால் அதே குருத்தெலும்புக் கையால்தானே குழந்தை தவழ்கிறது, கம்பியைப் பிடித்துத் தொங்குகிறது? எழுதினால் எலும்பு கெட்டுவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. குறைவாக இருப்பது சின்னத் தசைகளின் தாங்குதிறனும், கண்ணும் கையும் சேர்ந்து வேலை செய்யும் பழக்கமும்தான். இரண்டும் பழகப் பழக வருபவை.

பென்சில் பிடிக்கும் முறைக்கும் ஒரு வரிசை உண்டு. ஒன்றரை வயதில் முஷ்டிக்குள் பிடிப்பார்கள். இரண்டு மூன்று வயதில் விரல்கள் எல்லாம் கீழ்நோக்கி இருக்க மேலிருந்து பிடிப்பார்கள். மூன்று நான்கில் மூன்று விரல் பிடி வரும், ஆனால் விரல்கள் அசையாது, மணிக்கட்டும் கையும்தான் நகரும். விரல்களே நீண்டும் மடங்கியும் பென்சிலை ஓட்டுவது நாலு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில் வரும். இந்த வயதுகளெல்லாம் தோராயம்தான், ஆளுக்கு ஆள் முன்பின் இருக்கும். உங்கள் பையன் முஷ்டியாகப் பிடிக்கிறான் என்றால் படியில் கொஞ்சம் கீழே நிற்கிறான், அவ்வளவுதான். இன்னொன்று, மூன்று விரல் பிடி மட்டுமே சரி என்ற பிடிவாதம் வேண்டாம். மோதிர விரலையும் சேர்த்து நாலு விரலால் பிடித்துத் தெளிவாகவும் வேகமாகவும் எழுதுகிறவர்கள் நிறைய. வலி இல்லை, விரல் அசைகிறது, எழுத்து புரிகிறது என்றால் அந்தப் பிடியை மாற்ற நான் மெனக்கெட மாட்டேன்.

அடுத்தது எந்த எழுத்தில் தொடங்குவது. இங்கேதான் நம்மில் பலர் வழி தவறுகிறோம். நெடுங்கணக்கில் முதலில் வருவது அ என்பதால் எழுதுவதையும் அதில் தொடங்குகிறோம். வாயால் சொல்ல அந்த வரிசை சரி, கைக்குச் சரிப்படாது. குழந்தைகள் பார்த்து வரையும் வடிவங்களுக்கு ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே வரிசைதான். இரண்டு மூன்று வயதில் நேர்கோடு, மூன்றில் வட்டம், நாலில் கூட்டல் குறி, நாலரை ஐந்தில் சதுரம், ஐந்தைத் தாண்டும்போது முக்கோணம். சாய்ந்த கோடு தாமதமாகத்தான் வரும். இப்போது அ-வைப் பாருங்கள். ஒரு சின்னச் சுழி, அதிலிருந்து கீழே இறங்கும் பெரிய வளைவு, குறுக்கே ஒரு கோடு, நேராக ஒரு கோடு. கை பலமுறை திசை மாற வேண்டும். ட-வோ மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, முடிந்தது. ப அதோடு மேலே ஏறும் இன்னொரு கோடு. சதுரம் வரைய ஆரம்பிக்கும் கை இந்த இரண்டையும் எழுதிவிடும்.

அதனால் எழுதுவதற்கு ட, ப-வில் தொடங்குங்கள். பிறகு ம, ய. அப்புறம் ஒரு சுழி உள்ள வ, ல. அ, இ, ஞ, ண எல்லாம் கடைசியில். படிக்கவும் சொல்லவும் வழக்கமான வரிசையிலேயே போகட்டும். இரண்டு வரிசையும் வேறாக இருப்பதால் குழந்தை குழம்புவதில்லை, குழம்புவது நாம்தான்.

சரி, பென்சில் இல்லாமல் எழுத்தை வைத்து என்ன செய்வது? நிறையச் செய்யலாம். விரல் பயிற்சியும் எழுத்தும் உண்மையிலேயே ஒன்றுசேரும் இடம் இதுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது களிமண். விளையாட்டு மாவும் சரிதான். கொஞ்சம் எடுத்து மேசைமேல் உருட்டிக் கயிறுபோல நீட்டச் சொல்லுங்கள். முதலில் உள்ளங்கையை வைத்து அமுக்கி உருட்டுவான், ஒரு பக்கம் தடித்து இன்னொரு பக்கம் அறுந்துவிடும். ‘விரல்நுனியால் மெதுவா’ என்று ஒருமுறை செய்துகாட்டினால் போதும், அறுந்ததைப் பார்த்துப் பார்த்து அவனே அழுத்தத்தைக் குறைப்பான். தாளைக் கிழிக்கும் குழந்தைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு ஆகிறது என்பதை களிமண் உடனுக்குடன் காட்டிவிடுகிறது. அப்புறம் அட்டையில் பெரிதாக ஒரு ண எழுதி, அதன்மேல் இந்தக் கயிற்றை வைத்து வளைக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சுழிக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடித்துத் திருப்ப வேண்டும். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நாம் வாயால் சொல்லிக்கொண்டிருப்பதை அவன் விரலால் எண்ணிவிடுவான். எழுதுவதில் கடைசியில் வரும் எழுத்து களிமண்ணில் முதல் வாரமே வந்துவிடும்.

இன்னொன்று ஸ்டிக்கர். கையகலத்தில் ஒரு எழுத்தை வரைந்து, அதன் கோட்டின் மேல் தொடக்கத்திலிருந்து முடிவுவரை சின்ன வட்ட ஸ்டிக்கர்களை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். ஸ்டிக்கரை உரிப்பதற்கே இரண்டு விரல்நுனிகளும் நன்றாக வேலை செய்ய வேண்டும். ஒட்டும்போது எழுத்தின் பாதை கண்ணில் பதிகிறது. ஸ்டிக்கர் இல்லையென்றால் வண்ணத் தாளைச் சின்னச் சின்னதாகக் கிழித்து ஒட்டலாம், கிழிப்பதும் பயிற்சிதான்.

தட்டில் மெல்லிதாக மணலைப் பரப்பி ஆள்காட்டி விரலால் எழுதுவது எல்லோருக்கும் தெரிந்தது. ஒரு சின்ன மாற்றம் சொல்கிறேன். தட்டை மேசையில் வைக்காமல் தரையில் வைத்து, குழந்தையைக் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி எழுதச் சொல்லுங்கள். தோளுக்கு அது நல்ல வேலை. அதேபோல, தாளைச் சுவரில் குழந்தையின் கண் உயரத்துக்கு ஒட்டி எழுதவைத்தாலும் தோள் தாங்கியாக வேண்டும், மணிக்கட்டு தானாகவே பின்பக்கம் சாய்ந்து எழுதுவதற்கு ஏற்ற நிலைக்கு வரும். மேசையில் ‘கையை மடக்காதே’ என்று பத்துமுறை சொல்வதற்குப் பதில் சுவரில் ஒரு தாள் ஒட்டினால் போதும்.

கரும்பலகை இருந்தால் இன்னும் நல்லது. நீங்கள் சாக்பீஸால் ப எழுதுங்கள். அவன் சின்ன ஈரப் பஞ்சுத் துண்டால் அதே பாதையில் துடைத்துக்கொண்டே போகட்டும், அடுத்து காய்ந்த துணித் துண்டால், கடைசியில் சாக்பீஸால். ஒரே எழுத்தை மூன்று முறை போட்டிருப்பான், எழுதினோம் என்ற அலுப்பே தெரியாது. பஞ்சு, துணி, சாக்பீஸ் எல்லாம் கட்டைவிரல் நகத்தளவுதான் இருக்க வேண்டும். துண்டு அவ்வளவு சின்னதாக இருந்தால் முஷ்டியாகப் பிடிக்கவே முடியாது, விரல்நுனியால்தான் பிடித்தாக வேண்டும். கிரேயானுக்கும் இதே கணக்குத்தான். நீளமான புதுக் கிரேயானை இரண்டாக மூன்றாக உடைத்துக் கொடுங்கள். பிடியைத் திருத்த வாயால் சொல்வதைவிட இது விரைவில் பலன் தரும். பிடி திருத்தும் ரப்பர் கவசங்களை நான் கடைசியாகத்தான் பரிந்துரைப்பேன்.

எழுத்தோடு சம்பந்தமே இல்லாத வேலைகளையும் மறக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் போடுவது, பாட்டில் மூடி திருகுவது, துணி கிளிப்பை அழுத்திக் கயிற்றில் மாட்டுவது, மணி கோர்ப்பது, கத்தரிக்கோலால் தாளை வெட்டுவது எல்லாமே விரலுக்கு வேலைதான். கத்தரிக்கோலுக்குச் சிறப்பிடம் உண்டு, ஏனென்றால் அங்கே ஒரு கை வெட்ட, இன்னொரு கை தாளைத் திருப்பிக்கொடுக்க வேண்டும். எழுதும்போது தாளைப் பிடிக்க மறக்கும் கைக்கு அது பழக்கமாகும். மணி, பொத்தான் போன்ற சின்னப் பொருள்களை மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை இருக்கும் வீட்டில் உங்கள் கண்பார்வையிலேயே வைத்திருங்கள், விழுங்கினால் ஆபத்து.

புள்ளிக்கோட்டுப் புத்தகம் ஏன் வேண்டாம் என்பதற்கு வலி மட்டும் காரணமில்லை. 2012-இல் கரின் ஜேம்ஸ், லாரா எங்கல்ஹார்ட் என்ற இரு ஆய்வாளர்கள் இன்னும் படிக்கத் தெரியாத ஐந்து வயதுக் குழந்தைகளிடம் ஓர் ஆய்வு செய்தார்கள். சில எழுத்துகளைத் தாங்களாகவே பார்த்து எழுதவும், சிலவற்றைக் கோட்டின் மேலேயே வரையவும், சிலவற்றைக் கீபோர்டில் தட்டவும் சொன்னார்கள். பிறகு அந்த எழுத்துகளைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தபோது, தானாக எழுதிய எழுத்துகளுக்குத்தான் வாசிப்போடு தொடர்புள்ள பகுதிகள் நன்றாக வேலை செய்தன. சிறிய ஆய்வுதான், அதுவும் ஆங்கில எழுத்துகளை வைத்து. ஆனாலும் காரணம் யோசித்தால் புரிகிறது. தானாக எழுதும்போது ஒவ்வொரு முறையும் எழுத்து ஒவ்வொரு மாதிரி கோணலாக வரும். இத்தனை கோணல்களும் ‘ப’தான் என்று மூளை பழகிக்கொள்கிறது. கோட்டின் மேல் வரையும்போது கவனமெல்லாம் கோட்டை விட்டு விலகாமல் இருப்பதில் போய்விடும், எழுத்தின் மொத்த வடிவம் நழுவிவிடும். பாதையைக் காட்ட ஒன்றிரண்டு முறை மேலே வரையச் சொல்லலாம். பக்கம் பக்கமாக வேண்டாம். டேப்லெட் திரையில் விரலை இழுப்பதும் பாதையை அறிமுகப்படுத்த உதவும், ஆனால் வழுக்கும் கண்ணாடியில் தசைக்கு எந்த எதிர்ப்பும் கிடைப்பதில்லை.

எப்போது பென்சிலுக்குத் திரும்பலாம்? கூட்டல் குறியையும் சதுரத்தையும் பார்த்து வரைகிறான், சின்னக் கிரேயானை விரல்நுனியில் பிடிக்கிறான், ஐந்து நிமிடம் வண்ணம் தீட்டினாலும் வலி என்று சொல்வதில்லை. இந்த மூன்றும் வந்துவிட்டால் தொடங்கலாம். மிருதுவாக எழுதும் பென்சிலாக, கட்டையானதாகக் கொடுங்கள். நாற்காலியில் உட்கார்ந்தால் பாதம் தரையில் படவேண்டும். எட்டவில்லையென்றால் காலுக்குக் கீழே ஒரு பெட்டி வையுங்கள். மேசை முழங்கை உயரத்தில் இருக்கட்டும். கால் தொங்கிக்கொண்டிருந்தால் உடம்பைச் சமாளிக்கவே பாதி சக்தி போய்விடும்.

எழுதும்போது விழுந்த எழுத்தைப் பார்க்காதீர்கள், கை போன வழியைப் பாருங்கள். அழகாக விழுந்த ட கீழிருந்து மேலே போட்டதாக இருக்கலாம், கோணலான ட சரியான பாதையில் வந்திருக்கலாம். கோணல் தானாக நிமிரும். தப்பான பாதை பழகிவிட்டால் பின்னால் வேகமாக எழுதும்போது இடிக்கும், மாற்றுவதும் கஷ்டம். ‘மேலிருந்து கீழே, அப்படியே இந்தப் பக்கம்’ என்று நீங்கள் சொல்லிக்கொண்டே எழுதிக் காட்டுங்கள், அவனும் சொல்லிக்கொண்டே எழுதட்டும். ஒரு நாளைக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், மூன்று நாலு எழுத்து. அதில் நன்றாக வந்தது எது என்று அவனையே வட்டம் போடச் சொல்லுங்கள். இன்னும் அழுத்தம் குறையவில்லையென்றால் தாளுக்கு அடியில் மெத்தென்ற ஃபோம் அட்டை வைத்து, ஓட்டை விழாமல் எழுத முடிகிறதா என்று விளையாட்டாகக் கேட்கலாம்.

எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலமாகத் திருப்பிப் போட்டால் பதறாதீர்கள், ஆறு ஏழு வயது வரைக்கும் அது சகஜம். இடது கையால் எழுத முனைந்தால் மாற்றாதீர்கள், பத்தில் ஒருவர் அப்படித்தான். தாளை மட்டும் வலது கைக்காரர்களுக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்து வைத்து, உடம்பின் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிக் கொடுங்கள். அப்போது எழுதியதைத் தன் கையே மறைக்காது.

சில சமயம் இது வீட்டுப் பயிற்சியோடு முடியாது. ஐந்து வயது தாண்டியும் வட்டமோ கூட்டல் குறியோ பார்த்து வரைய முடியவில்லை, கரண்டி பிடிப்பதும் பொத்தான் போடுவதும் சேர்ந்தே சிரமமாக இருக்கிறது, கை நடுங்குகிறது, முன்பு செய்ததை இப்போது செய்ய முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டி, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் சிகிச்சையாளர்) ஒருவரைப் பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். ஒரு வயதுகூட ஆகாத குழந்தை ஒரே கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை ஒதுக்கினாலும் காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

நீங்கள் சொன்ன அளவில் உங்கள் பையனுக்கு இவற்றில் எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. பள்ளியில் பக்கக்கணக்கில் எழுதச் சொன்னால் ஆசிரியரிடம் பேசி, கொஞ்ச நாளைக்கு ஒரு வரியோடு நிறுத்திக்கொள்ள அனுமதி கேளுங்கள். மீதி வரிகளுக்கான எழுத்துகளை வீட்டில் களிமண்ணில் செய்து, போட்டோ எடுத்து ஆசிரியருக்கு அனுப்பலாம்.